சிறுநீரக வடிகட்டிகளின் அழற்சி: கேள்வி பதில்

கேள்வி: என் மகனுக்குத் தொண்டைப் புண் ஆறிப் பத்து நாளாகிறது. இப்போது முகம் வீங்கி, சிறுநீர் கோலா நிறத்தில் போகிறது. ஆறிய புண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் என்ன தொடர்பு?

பதில்: கிருமி சிறுநீரகத்துக்கு வந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள், அப்படியன்று. தொண்டைப் புண்ணை உண்டாக்கிய ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவின் புரதங்களும், அவற்றை எதிர்க்க உடல் உருவாக்கிய ஆன்டிபாடிகளும் சேர்ந்து குளோமெருலஸ் எனப்படும் வடிகட்டி முடிச்சின் சுவரில் படிகின்றன. அந்தப் படிவு, கிருமிகளைத் தாக்க உதவும் காம்ப்ளிமென்ட் என்னும் இரத்தப் புரதங்களைத் தூண்டிவிட, வெள்ளணுக்கள் திரண்டு வந்து நொதிகளைக் கொட்டி, கிருமிக்காகப் பூண்ட ஆயுதத்தாலேயே சுவரைச் சிதைக்கின்றன. ஆன்டிபாடி உருவாக நாளாகும் என்பதால்தான் தொண்டைத் தொற்றுக்குப் பின் 1 முதல் 3 வாரமும், தோல் தொற்றாயின் 3 முதல் 6 வாரமும் இடைவெளி விழுகிறது. சிறுவர்களில் பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள். ஆனாலும் இரத்த அழுத்தம் திடீரென ஏறக்கூடும் என்பதால், இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: எனக்குச் சளி பிடித்த மறுநாளே சிறுநீர் சிவக்கிறது. இதுவும் அதேதானா?

பதில்: இடைவெளி இவ்வளவு குறைவாக இருந்தால் முதலில் ஐஜிஏ நெஃப்ரோபதியைத்தான், அதாவது ஐஜிஏ என்ற வகை ஆன்டிபாடி வடிகட்டியில் படிவதால் வரும் அழற்சியைத்தான், சந்தேகிப்பேன். பாரிஸில் ழான் பெர்ஜே என்ற மருத்துவர் 1968இல் விவரித்த நோய் இது. சிறுநீரகத்தில் சிறு துணுக்கு எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸிதான் உறுதி செய்யும்.

கேள்வி: இரத்தம் வடிகட்டியிலிருந்துதான் வருகிறது, கல்லினால் அன்று என்று ஆய்வகத்தில் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

பதில்: நுண்ணோக்கியில் பார்த்தால் தெரிந்துவிடும். கல் உரசி வந்த சிவப்பணு பெரும்பாலும் வட்டமாகவே இருக்கும். வடிகட்டிச் சுவரின் விரிசலில் பிதுங்கி வந்ததோ நசுங்கி, விளிம்பில் காது முளைத்தாற்போலக் குமிழ்கள் புடைத்துக் காணப்படும். சிறுநீரக நுண்குழாய்க்குள் வார்ப்படம்போல் உறைந்து வந்த சிவப்பணுக்களைக் கண்டால் ஐயம் மிகவும் குறைந்துவிடும்.

கேள்வி: வலியே இல்லை, நுரை மட்டும் போகிறது. காத்திருந்து பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். இந்த அழற்சியில் வலி பெரும்பாலும் வருவதில்லை. விடாத நுரை, புரதம் கசிவதன் அறிகுறியாக இருக்கலாம். சுவரின் வெளிப்புறத்தைத் தழுவி நிற்கும் போடோசைட் செல்கள் உதிர்ந்தால் எளிதில் மீண்டும் முளைப்பதில்லை. அந்த இடம் தழும்பாகிறது. சிலருக்குச் சுவர் கிழிந்து, முடிச்சைச் சுற்றிப் பிறைவடிவில் செல்கள் குவிந்து, சில வாரங்களிலேயே சிறுநீரகம் செயலிழக்கிறது. சிறுநீர்ப் புரதம், கிரியேட்டினின் (சிறுநீரகம் வடிகட்டி நீக்க வேண்டிய இரத்தக் கழிவு), இரத்த அழுத்தம் மூன்றையும் இந்த வாரமே பாருங்கள்.