பால்கனிக் கம்பி மேலேயா, கீழேயா?

கேள்வி: வீடு கட்டுகிறோம். மூன்றடி பால்கனிக்கு முக்கியக் கம்பி மேல்பக்கம் என்று பொறியாளரின் வரைபடத்தில் இருக்கிறது. கம்பி கட்டுபவரோ, “ஸ்லாபுக்குக் கீழேதானே போடுவோம்” என்கிறார். நாலடியாக நீட்டலாம் என்றும் சொல்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: வரைபடம்தான் சரி. அவர் சொல்வது அறைக்கு மேலுள்ள ஸ்லாபுக்குப் பொருந்தும், பால்கனிக்குப் பொருந்தாது.

பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை எடுத்து, பக்கவாட்டில் பேனாவால் நாலைந்து செங்குத்துக் கோடுகள் போடுங்கள். இரண்டு புத்தகங்களுக்கு நடுவே பாலம்போல வைத்து அழுத்தினால் கோடுகள் கீழே விலகும், மேலே நெருங்கும். அடுத்து மேசை விளிம்பில் பாதியை வெளியே நீட்டி, உள்பாதியைப் பிடித்துக்கொண்டு நுனியை அழுத்துங்கள். இப்போது விலகுவது மேல்பக்கம், அதுவும் விளிம்புக்கு நேர் மேலே. கான்கிரீட் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும். இழுத்தால் சட்டென்று விரிசல் விடும். கோடுகள் விலகும் இடத்தில்தான் கம்பிக்கு வேலை.

இப்படி வளைக்கப் பார்க்கும் விசையின் அளவுதான் பெண்டிங் மொமென்ட். எடையை, தாங்கும் சுவரிலிருந்து அது இருக்கும் தூரத்தால் பெருக்கினால் வருவது.

ஒரு அடிதானே என்று நினைப்பதில்தான் வம்பு. நீளம் கூடினால் எடையும் கூடுகிறது, தூரமும் கூடுகிறது. 6 அங்குல ஸ்லாப், டைல்ஸ், ஆட்களுக்காகச் சதுர மீட்டருக்கு 300 கிலோ, நுனியில் மூன்றடி உயரச் செங்கல் கைப்பிடிச் சுவர் என்று வைத்துக் கணக்குப் போட்டேன். பால்கனியின் ஒவ்வொரு மீட்டர் அகலத்துக்கும், மூன்றடி நீட்டினால் சுமார் 500 கிலோவைச் சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளித் தொங்கவிட்ட மாதிரி. நாலடியில் அது 800. நீட்டத்தான் வேண்டுமென்றால் பொறியாளர் திரும்பக் கணக்குப் போடட்டும்.

சரி, கம்பியை மேலே கட்டிவிட்டால் போதுமா? கான்கிரீட் போடும் நாளில் ஆட்கள் அதன்மேல் நடந்து மிதித்துவிடுவார்கள். 6 அங்குல ஸ்லாபில் கம்பி ஓர் அங்குலம் இறங்கினாலே தாங்குதிறனில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். மேலே பூசி மூடியபின் யாருக்குத் தெரியப்போகிறது? கீழே சேர் கம்பி (மேல்கம்பியை இறங்காமல் தாங்கும், நாற்காலிபோல வளைத்த கம்பி) நெருக்கமாக வைக்கச் சொல்லி, அன்றைக்கு நீங்களே பக்கத்தில் நில்லுங்கள். கம்பி அறை ஸ்லாபுக்குள்ளும் நீள வேண்டும்; பொதுவாக வெளியே நீட்டிய அளவில் ஒன்றரை மடங்கு.

அப்புறம், பால்கனியைக் கீழிருந்து தாங்கும் முட்டுகளைப் பொறியாளர் சொன்ன பிறகு, நுனியிலிருந்து சுவரை நோக்கி ஒவ்வொன்றாகக் கழற்றச் சொல்லுங்கள். சுவரோரத்து முட்டுக்காலை முதலில் எடுத்தால், நுனி முட்டு இருக்கும்வரை பால்கனி பாலம்போல வளையும். கீழ்ப்பக்கம் இழுபடும், அங்கேதான் முக்கியக் கம்பி இல்லையே.