கேள்வி பதில்: சிங்கப்பூர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் பூண்டு வளர்ப்பது

கேள்வி (பொங்கோல்): அக்கா, சமையலறையில் முளைவிட்ட பூண்டைத் தொட்டியில் நட்டு நாலு மாசம் ஆச்சு. பிடுங்கிப் பார்த்தா வெங்காயத்தாள் மாதிரி தண்டுதான் இருக்கு, தலையே இல்லை. உரம் பத்தலையா?

குறை உரத்தில் இல்லை தம்பி, நம்ம ஊர் வெயிலில். பூண்டு பல் பிரிந்து தலை கட்ட முதலில் சில வாரக் குளிர் வேண்டும், அப்புறம் பகல் நீள வேண்டும். சிங்கப்பூரில் இரண்டும் கிடையாது. இரவில்கூட 22 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். பகலோ ஆண்டு முழுக்கப் 12 மணி நேரத்தை ஒட்டியே நிற்கிறது. செடி பாட்டுக்கு இலை விட்டுக்கொண்டே இருக்கும். கொடைக்கானலிலும் பகல் பெரிதாக நீளாது; ஆனாலும் அங்கே மலைப்பூண்டு விளைகிறதென்றால் 2,000 மீட்டர் உயரத்துக் குளிர்தான் காரணம். இன்னும் அதிகம் உரம் போட்டால் இலைதான் கொழுக்கும். இங்கே பூண்டைக் கீரையாக நினைத்து வளர்ப்பதே புத்திசாலித்தனம்.

கேள்வி (உட்லண்ட்ஸ்): அப்போ தாளுக்காகவே வளர்க்கிறேன். எப்படி நடுறது?

பெரிய, கெட்டியான பல்லாக எடுங்கள். அடிப்பக்கம் இருக்கும் தட்டையான வட்டத்திலிருந்துதான் வேர் வரும். அது கருத்தோ, நசுங்கியோ, பிரிக்கும்போது பிய்ந்தோ இருந்தால் அந்தப் பல் குழம்புக்கு. தோலை உரிக்க வேண்டாம், ஊறவும் வைக்க வேண்டாம்.

15 செ.மீ. ஆழத் தொட்டி போதும், அடியில் ஓட்டை கட்டாயம். தொட்டி மண் இரண்டு பங்கு, தென்னை நார்த்தூள் ஒரு பங்கு, மட்கிய உரம் ஒரு பங்கு. கையில் பிடித்து அழுத்தினால் உருண்டையாகி, விரலால் தட்டினால் உதிர வேண்டும். உதிராமல் களிமாதிரி நின்றால் பெர்லைட் என்ற வெள்ளைத் துகளோ பருமணலோ சேருங்கள். கூர்முனை மேலே பார்க்க, முனைக்கு மேல் 2 செ.மீ. மண் மூடும்படி நடுங்கள். தாளுக்கென்றால் பல்லுக்குப் பல் 3 செ.மீ. இடைவெளி போதும்.

ஒரு வாரம், பத்து நாளில் முளை தெரியும். 20 செ.மீ. உயரம் வந்ததும் அடியில் 3 செ.மீ. விட்டு வெட்டுங்கள். இரண்டு முறை நன்றாகத் துளிர்க்கும். மூன்றாம் முறை இலை நூலாக மெலிந்துவிடும், ஏனென்றால் பல்லில் சேமித்திருந்த சத்து தீர்ந்திருக்கும். அப்போது பிடுங்கிவிடலாம். இரண்டு வாரத்துக்கு ஒரு தொட்டி என்று மாற்றி மாற்றி நட்டு வந்தால் வீட்டில் தாள் தீராது. முட்டையோடு வதக்கினால் வெங்காயத்தாள் பக்கத்தில்கூட நிற்க முடியாது!

கேள்வி (புக்கிட் பாத்தோக்): எனக்குத் தலைப்பூண்டுதான் வேணும். குளிர்சாதனப் பெட்டியில் வச்சு ஏமாத்த முடியாதா?

முயலலாம், உறுதி தர மாட்டேன். தேக்கா சந்தையில் கிடைக்கும் சின்னப்பல் இந்தியப் பூண்டு வாங்குங்கள். இந்திய ரகங்கள் பெரும்பாலும் குறுகிய பகலுக்குப் பழகியவை. பல் பிரிக்காமல் முழுத் தலையாகக் காகிதப் பையில் போட்டு, 4 டிகிரி அளவில் எட்டு வாரம் வையுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், வேர்த்துப் பூசணம் பிடிக்கும். எடுத்த அன்றே பிரித்து நட்டுவிடுங்கள். வெளிச்சூட்டில் கிடந்தால் பட்ட குளிரின் பலன் குறையும். மழைக்காலமான டிசம்பரில் நட்டால் வெயில் கொஞ்சம் தணிந்திருக்கும். 10 செ.மீ. இடைவெளி, ஆறு மணி நேர நேரடி வெயில். இத்தனை செய்தும் கோலிக்குண்டு அளவில் பல் பிரியாத ஒற்றைப் பூண்டு வரலாம். அது தோல்வி இல்லை, உரிக்கச் சுலபம்.

கேள்வி (ஈசூன்): இலை மஞ்சளாகுது. மேலே வெள்ளிக் கோடு மாதிரியும் இருக்கு.

இரண்டும் வேறு வேறு கோளாறு. வெள்ளிக் கோடு இலைப்பேன் சுரண்டிய தடம். இலைகள் சேரும் மடிப்பை விரித்துப் பாருங்கள், நூல்துண்டு போல மெல்லிய பூச்சி ஓடும். தண்ணீரைப் பீய்ச்சி மடிப்பைக் கழுவி, மாலையில் வேப்பெண்ணெய்க் கரைசல் தெளியுங்கள். நுனி மட்டும் மஞ்சள் என்றால் கவலை வேண்டாம். அடியிலிருந்து மஞ்சளேறி, ஆட்டினால் செடி கையோடு வந்தால் பல் அழுகிவிட்டது. தோண்டி அடியை அழுத்துங்கள்: கொழகொழவென்று நாறும். தண்ணீர் அதிகம் என்று அர்த்தம். விரலின் முதல் கணு ஆழம் காய்ந்த பிறகே ஊற்றுங்கள். தொட்டிக்கு அடியில் தட்டையும் எடுத்துவிடுங்கள், தேங்கும் நீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும்.

கேள்வி (ஜூரோங்): பொது நடைபாதையில் வைக்கலாமா?

வைக்கலாம். ஆனால் 1.2 மீட்டர் வழி தடையில்லாமல் இருக்க வேண்டும், சுவர் விளிம்பில் தொட்டி கூடாது. உங்கள் நகர மன்ற விதியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (புக்கிட் பாத்தோக், மறுபடியும்): தலை வந்துட்டா எப்போ பிடுங்கணும்?

கீழ் இலை மூன்று நான்கு காய்ந்து, மேலே ஐந்து பச்சையாக இருக்கும்போது. ஒவ்வொரு பச்சை இலையும் பூண்டுக்கு ஒரு தோல். எல்லாம் காயக் காத்திருந்தால் தோல் கிழிந்து பல் சிதறும். ஒரு வாரம் முன்பே தண்ணீரை நிறுத்துங்கள். பிடுங்கியதைக் கழுவாமல், தாளோடு நிழலில் கட்டித் தொங்கவிட்டு மின்விசிறிக் காற்றுப் படும்படி மூன்று வாரம் விடுங்கள். நம்ம ஊர் ஈரப்பதத்தில் விசிறி இல்லாவிட்டால் கழுத்தில் பூசணம்தான். மிஞ்சிய பல்லை எண்ணெயில் ஊறப்போட்டு வெளியே வைக்காதீர்கள். காற்றுப் புகாத எண்ணெய்க்குள் பாட்டுலிசம் என்ற கொடிய நோயைத் தரும் நஞ்சு உண்டாகலாம், வாசனையில் தெரியாது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்து நான்கு நாளில் முடித்துவிடுங்கள்.