உலகம் முழுக்க விமானிகள் ஒரே மாதிரிதான் ரேடியோவில் பேசுகிறார்களா? ஆங்கிலம் தாய்மொழியாக இருப்பவர்களுக்கு இது சுலபம்தானே?

முதல் கேள்விக்குப் பதில்: பெரும்பகுதி ஒன்றுதான், ஆனால் முழுக்க ஒன்றல்ல. இரண்டாவது கேள்விக்கு என் பதில் நீங்கள் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறாக இருக்கும். நான் பன்னாட்டுத் தடங்களில் விமானம் ஓட்டுகிறேன். காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு நான் அதிகக் கவனத்தோடு கேட்க வேண்டியிருப்பது பெரும்பாலும் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களைத்தான்.

சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பான ஐசிஏஓ ஒரு சொற்றொகுதியை வகுத்து வைத்திருக்கிறது. ஒவ்வொரு நாடும் அதை எடுத்துக்கொண்டு தன் வசதிக்குக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறது. பிரிட்டனில் கேப் 413 என்ற கையேடு, அமெரிக்காவில் விமானத் துறையை நிர்வகிக்கும் எஃப்ஏஏ-வின் சொந்த உத்தரவுகள். சில மாற்றங்களால் ஒரு கெடுதலும் இல்லை. 121.9 என்ற அலைவரிசையை ஐசிஏஓ முறையில் "டெசிமல்" வைத்துச் சொல்வோம், அமெரிக்கர்கள் "பாயின்ட்" என்பார்கள். விமான எண் 1234 என்றால் மற்ற இடங்களில் ஒவ்வோர் இலக்கமாகச் சொல்வார்கள், அமெரிக்காவில் "ட்வெல்வ் தர்ட்டிஃபோர்" என்று சேர்த்துச் சொல்வார்கள். இதெல்லாம் சீக்கிரம் பழகிவிடும்.

பழகினாலும் ஆபத்து குறையாதது ஆல்டிமீட்டர் அழுத்தம், அதாவது உயரம் காட்டும் கருவியில் நாங்கள் வைக்க வேண்டிய காற்றழுத்த அளவு. உலகின் பெரும்பகுதியில் இதை ஹெக்டோபாஸ்கலில் தருவார்கள், வட அமெரிக்காவில் பாதரச அங்குலத்தில். 29.92 அங்குலத்தை வேகத்தில் சுருக்கி "நைனர் நைனர் டூ" (ரேடியோவில் 9-ஐ "நைனர்" என்போம்) என்று சொல்லிப் பழகிய ஒரு விமானி, ஹெக்டோபாஸ்கல் பயன்படுத்தும் நாட்டுக்கு வருகிறார் என்று வையுங்கள். அங்கே அதே மூன்று இலக்கங்களைக் கேட்டால் அது 992 ஹெக்டோபாஸ்கல். கை பழக்கத்தில் 29.92 வைத்துவிட்டால், கருவி காட்டும் உயரத்தைவிட ஏறத்தாழ 600 அடி கீழே பறந்துகொண்டிருப்பார். அதனால்தான் எண்ணோடு "ஹெக்டோபாஸ்கல்" என்ற அலகையும் சேர்த்துச் சொல்லச் சொல்கிறார்கள், குறிப்பாக அழுத்தம் 1000-க்குக் கீழே இருக்கும்போது. நான் எப்போதுமே சொல்லிவிடுவேன். சேனல் எவ்வளவு நெரிசலாக இருந்தாலும் அந்த ஒரு வார்த்தைக்கு இடம் உண்டு.

ஒரே ஓர் இலக்கம் மாறினால் என்ன ஆகும் என்பதை 2022 மே மாதம் பாரிஸ் சார்ல் த கோல் நிலையத்தில் பார்த்தோம். அழுத்தம் 1001 என்று சொல்ல வேண்டிய கன்ட்ரோலர், அதாவது தரையிலிருந்து விமானங்களை வழிநடத்துபவர், ஆங்கிலத்தில் 1011 என்று சொல்லிவிட்டார். விமானிகள் அதை அப்படியே திருப்பிச் சொன்னார்கள். ரீட்பேக் (திருப்பிச் சொல்வது) சரியாகத்தான் இருந்தது, மூல எண்தான் தப்பு. 10 ஹெக்டோபாஸ்கல் வித்தியாசம் என்றால் சுமார் 280 அடி. மேகத்துக்குள் ஓடுதளத்தை நோக்கி இறங்கிய அந்த ஏ320 பயணிகள் விமானம், ஓடுதளம் தொடங்குவதற்கு வெகு முன்பே தரையிலிருந்து 6 அடி வரை இறங்கிவிட்டு, ஓடுதளம் கண்ணில் படாததால் மேலே ஏறியது. சிறு காயம்கூட யாருக்கும் இல்லை. ஆனால் அங்கே பிரெஞ்சு விமானங்களோடு பிரெஞ்சிலும் மற்றவர்களோடு ஆங்கிலத்திலும் பேசுவது வழக்கம். பிரெஞ்சில் பேசிய ஒரு விமானத்துக்குச் சரியான எண்ணே போயிருந்தது. மொழி தெரியாதவர் காதில் அது விழுந்தும் பயனில்லை.

இதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன். எங்கள் வேலையில் பாதி, அடுத்தவருக்குச் சொல்வதை ஒட்டுக்கேட்பதுதான். யார் எனக்கு முன்னால் இறங்குகிறார், யார் ஓடுதளத்துக்குள் நுழைகிறார் என்ற படம் அப்படித்தான் மனதில் உருவாகும். அதே பாரிஸ் நிலையத்தில் 2000 மே மாதம், புறப்பட ஓடிக்கொண்டிருந்த எம்டி-83 பயணிகள் விமானம் ஒன்றின் இறக்கை, ஓடுதளத்துக்குள் நுழைந்த சிறிய சரக்கு விமானத்தில் மோதி, அதன் துணை விமானி இறந்துபோனார். எம்டி-83-க்குப் புறப்பட அனுமதி தரப்பட்டது பிரெஞ்சில், சரக்கு விமானத்தோடு பேசியது ஆங்கிலத்தில். உள்ளூர் மொழியில் பேசுவதை ஐசிஏஓ விதிகள் அனுமதிக்கின்றன. பெரிய பன்னாட்டு நிலையங்களிலாவது ஒரே மொழி போதும் என்பது என் கட்சி.

சரி, தாய்மொழிக்காரர்கள் விஷயத்துக்கு வருகிறேன். அவர்களுக்கு ஆங்கிலம் தண்ணீர் பட்ட பாடு. அதனாலேயே வகுத்த சொற்றொடரை விட்டு விலகுவதும் அவர்களுக்குச் சுலபம். ஒருமுறை அமெரிக்காவின் நெரிசலான நிலையம் ஒன்றில் இறங்கி, ஓடுதளத்திலிருந்து நிறுத்துமிடத்துக்குப் போகும் டேக்சிவேயில் போய்க்கொண்டிருந்தோம். கன்ட்ரோலர் மூச்சு விடாமல் ஒரு முழு வழித்தடத்தைச் சொல்லி முடித்தார், நடுவில் பேச்சுவழக்கில் ஏதோ ஒரு சொல். எங்கள் கேப்டன் பிரேக்கை மிதித்து விமானத்தை நிறுத்தினார். பிறகு நிதானமாக "சே அகெய்ன்" என்றார். எதிர்முனையில் எரிச்சல் நன்றாகவே தெரிந்தது. கேப்டன் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. இரண்டாவது முறை மெதுவாகச் சொன்னதும் நான் ரீட்பேக் கொடுத்தேன், அப்புறம்தான் சக்கரம் நகர்ந்தது. புரியாதபோது "ரோஜர்" என்று சொல்லித் தப்பிப்பதைவிட இது எவ்வளவோ மேல். "ரோஜர்" என்றால் நீ சொன்னது என் காதில் விழுந்தது என்று மட்டும்தான் பொருள். செய்கிறேன் என்றோ, ஆமாம் என்றோ அதற்குப் பொருள் இல்லை.

அமெரிக்க முறையில் இன்னொரு பெரிய வேறுபாடு, இறங்கும் அனுமதி. முன்னால் இரண்டு விமானங்கள் இன்னும் இறங்காமல் இருக்கும்போதே, "நம்பர் த்ரீ, கிளியர்ட் டு லேண்ட்" என்று அங்கே சொல்லிவிடுவார்கள். பொதுவாக மற்ற நாடுகளில் ஓடுதளம் காலியாகும் கட்டம் வரும் வரை "கன்டின்யூ அப்ரோச்" மட்டும்தான். இரண்டிலும் அதனதன் பாதுகாப்பு ஏற்பாடு உண்டு. ஆனால் ஒரு முறையில் பழகியவர் மற்றதற்குப் போகும்போது, அனுமதி கிடைத்துவிட்டதால் ஓடுதளம் காலி என்று நினைத்துக்கொள்ளக் கூடாது.

சில சொற்கள் உயிர்களைக் கொடுத்து வாங்கியவை. 1977 மார்ச் 27, டெனரீஃப் தீவு, மூடுபனி. கேஎல்எம் விமானம் "வீ ஆர் நவ் அட் டேக்ஆஃப்" என்கிறது. அது கிளம்பிவிட்டதா, கிளம்பத் தயாராக நிற்கிறதா? கன்ட்ரோலர் நிற்பதாக எடுத்துக்கொண்டு, காத்திருக்கச் சொன்னார். அதே நொடியில், தான் இன்னும் ஓடுதளத்தில்தான் இருப்பதாகப் பான் ஆம் விமானமும் பேசியது. எங்கள் விஎச்எஃப் ரேடியோவில் இருவர் சேர்ந்து பேசினால் கீச்சென்ற சத்தம்தான் வரும். கேஎல்எம் விமானி அறையில் கேட்டது அதுதான். இரண்டு விமானங்களும் ஓடுதளத்தில் மோதி 583 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு "டேக்ஆஃப்" என்ற சொல் புறப்பாட்டு அனுமதியைக் கொடுக்கவோ ரத்து செய்யவோ மட்டுமே வரும். மற்ற இடங்களில் "டிபார்ச்சர்".

1989-இல் கோலாலம்பூர் அருகே ஒரு 747 சரக்கு விமானம். 2,400 அடிக்கு இறங்கச் சொன்ன கன்ட்ரோலர் "டூ ஃபோர் ஸீரோ ஸீரோ" என்றார். விமானிகள் அந்த "டூ"வை எண்ணாக எடுத்துக்கொள்ளாமல், 400 அடி வரை என்று புரிந்துகொண்டு "ஃபோர் ஸீரோ ஸீரோ" என்று திருப்பிச் சொன்னார்கள். அந்த ரீட்பேக்கை யாரும் திருத்தவில்லை. விமானம் மலைச்சரிவில் மோதி நால்வரும் இறந்தார்கள். இதனால்தான் "டூ தவுசண்ட் ஃபோர் ஹண்ட்ரட் ஃபீட்" என்று ஆயிரம், நூறு, அடி எல்லாம் சேர்த்து நீட்டிச் சொல்கிறோம்.

அமெரிக்காவும் மாறியிருக்கிறது. ஓடுதளத்துக்குள் போய் நில் என்பதற்கு அங்கே "டாக்ஸி இன்டு பொசிஷன் அண்ட் ஹோல்ட்" என்று வெகுகாலம் சொன்னார்கள். ஐசிஏஓ மொழியில் "ஹோல்டிங் பொசிஷன்" என்றால் ஓடுதளத்துக்கு வெளியே நிற்கும் இடம். கிட்டத்தட்ட ஒரே ஒலி, நேரெதிர் உத்தரவு. 2010 செப்டம்பர் 30 முதல் அங்கேயும் "லைன் அப் அண்ட் வெயிட்" ஆகிவிட்டது.

ஐசிஏஓ மொழித் தேர்வில் 6 நிலைகள், பன்னாட்டுப் பறப்புக்கு நிலை 4 வேண்டும். நிலை 4-இல் இருப்பவர் 3 ஆண்டுக்கு ஒருமுறையும், நிலை 5-இல் இருப்பவர் 6 ஆண்டுக்கு ஒருமுறையும் மறுதேர்வு எழுத வேண்டும் என்பது ஐசிஏஓ-வின் பரிந்துரை. நிலை 6 வாங்கியவருக்கு மறுதேர்வே கிடையாது. தாய்மொழிக்காரர்களுக்கு அது எளிதில் கிடைத்துவிடும். அந்தத் தேர்வு முக்கியமாக அளப்பது, விமானப் பணிச் சூழலில் ஒருவர் பேசும் சாதாரண ஆங்கிலத்தை. வகுத்த சொற்றொடர்களை ஒழுங்காகச் சொல்கிறாரா, வேற்று நாட்டவருக்குப் புரியும் வேகத்தில் பேசுகிறாரா என்பதை அது அவ்வளவு கறாராகப் பார்ப்பதில்லை. சிமுலேட்டர் சோதனையில் எஞ்சின் நின்றால் நாங்கள் என்ன செய்கிறோம் என்று எவ்வளவு கறாராகப் பார்க்கிறார்களோ, ரேடியோவையும் அப்படியே பார்த்து மதிப்பெண் போட வேண்டும், அதுவும் எல்லா நாட்டவருக்கும். பயிற்றுநர்களிடம் நான் இதைத்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.