மகனின் ரயில் மோகத்தை நிறுத்த வேண்டுமா?

கேள்வி: ஓட்டிசம் உள்ள என் மகனுக்கு ஒன்பது வயது. எந்நேரமும் கொழும்பு கோட்டையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் உதயதேவி ரயிலின் நேர அட்டவணைதான் அவன் பேச்சு. மூன்று மாதத்தில் இதை நிறுத்தித் தருவதாக ஒரு சிகிச்சை நிலையத்தார் பெருந்தொகை கேட்கிறார்கள். சேர்க்கலாமா? – ஒரு தாய், செங்கலடி

பதில்: சேர்க்க வேண்டாம். முன்பணம் கட்டியிருந்தால் திருப்பிக் கேளுங்கள்.

ஒன்றில் ஆழ்ந்துபோவது ஓட்டிசத்தின் இயல்பு. அமெரிக்க மனநல வைத்தியர் சங்கத்தின் 2013ஆம் ஆண்டுக் கையேடே அதனை அடையாளங்களில் ஒன்றாகக் குறிக்கிறது. பாடசாலையின் இரைச்சலில் களைத்து வரும் பிள்ளை வெலிக்கந்தை, புனானை, வாழைச்சேனை என்று ரயில் நிலையங்களை வரிசையாகச் சொல்லிச் சொல்லித்தான் மனத்தை ஆற்றிக்கொள்கிறான். அதைப் பறித்தால் அழுகையும் அடியும்தான் மிஞ்சும். பாடசாலை விட்டு வந்ததும் அதற்கென்று நேரம் ஒதுக்குங்கள். முடியும் நேரத்தை மணிக்கூட்டில் முன்கூட்டியே காட்டுங்கள். கணக்கையும் அந்த அட்டவணையிலேயே படிப்பிக்கலாம்.

‘குணப்படுத்துகிறோம்’ என்பவர்களிடம் மிகக் கவனமாக இருங்கள். ஓட்டிசத்தைக் குணப்படுத்தும் எண்ணெயோ ஊசியோ கிடையாது. உடலிலிருந்து உலோகத்தை அகற்றுவதாகச் சொல்லி ஏற்றிய மருந்தால் 2005இல் அமெரிக்காவில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். வைத்தியர் என்று சொல்பவரிடம் இலங்கை மருத்துவ சபையின் பதிவிலக்கத்தைக் கேளுங்கள். தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். ஆள் பிடித்துக் கொடுத்துத் தரகு வாங்குபவர்களும் இருக்கிறார்கள். கிழக்கில் பேச்சுச் சிகிச்சையாளரும் சிறுவர் மனநல வைத்தியரும் போதாது என்று பொறுப்பானவர்கள் கூட்டம் கூட்டிப் பேசுகிறார்களே தவிர, ஆளணியைக் கூட்டுகிறார்களில்லை. பெற்றோர் காத்துக் கிடக்கும் அந்த மாதங்கள்தான் ‘குணப்படுத்துகிறோம்’ என்பவர்களுக்கு வருமானம்.

ஒன்றை மட்டும் உற்றுப் பாருங்கள். அவன் சொல்வது ஆசையிலா, அச்சத்திலா? புனானையில் நீங்கள் குறுக்கிட்டால் சினந்துவிட்டுத் தொடர்ந்தால் கவலையில்லை. கோட்டையிலிருந்து மறுபடி தொடங்காவிட்டால் அம்மாவுக்கு ஏதோ நேர்ந்துவிடும் என்று நடுங்கினால், அது விருப்பமல்ல, பதகளிப்பு (கட்டுப்படுத்த முடியாத அச்சப் பதற்றம்). முகம் மலராமல், வேர்த்து, விடவும் முடியாமல் தவித்தாலும் அப்படியே. ரயிலையே திடீரென மறந்து, சாப்பாடும் தூக்கமும் குறைந்தாலும் தாமதிக்காதீர்கள். இவற்றுக்கு மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். எப்போது தொடங்கினான், நிறுத்தியபோது என்ன செய்தான் என்று ஒரு வாரம் கொப்பியில் எழுதிக் கொண்டுபோங்கள். கிளினிக்கில் உங்களுக்குக் கிடைக்கப்போவது சில நிமிடங்களே.