சோதனையில் தேறிய ராம் விளையாட்டில் ஏன் தடுமாறுகிறது?

கேள்வி: ரைசன் 7000 வரிசை பிராசசரும் 16 ஜிபி டிடிஆர்5 ராம் இரண்டும் கொண்ட என் கணினி, ராமை அதன் பெட்டியில் குறித்த வேகத்துக்கு ஏற்றும் எக்ஸ்போ அமைப்பில் 6000 வேகத்தில் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அண்மையில் அதே மாடல் ராம் இன்னும் இரண்டு சேர்த்தேன். கையோடு, பிராசசர் கோர்களின் வோல்ட்டேஜைக் குறைக்க உதவும் கர்வ் ஆப்டிமைசரில் எல்லா கோர்களுக்கும் மைனஸ் 30 கொடுத்தேன். இப்போது விளையாட்டுகள் பாதியில் மூடிக்கொள்கின்றன. அவ்வப்போது நீலத்திரையும் வருகிறது. ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 ஒரு சுற்று ஓட்டியதில் பிழை இல்லை. ராம் வோல்ட்டேஜை 1.4க்கு உயர்த்தியும் பயனில்லை. இன்னும் உயர்த்தலாமா?

பதில்: வேண்டாம். முதலில் அதைப் பழைய அளவுக்கே இறக்குங்கள். எது கோளாறு என்று தெரியாமல் வோல்ட்டேஜைக் கூட்டினால் ராம் கூடுதலாகச் சூடாகும். சூடு தானே புதிய பிழைகளைக் கொண்டுவரும். குறிப்பாக, பிராசசருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலர் போன்ற பகுதிகளுக்குப் போகும் எஸ்ஓசி வோல்ட்டேஜைத் தொடாதீர்கள். 2023இல் சில ரைசன் பிராசசர்கள் கருகிய பிறகு, ஏஎம்டி அதற்கு 1.3 வோல்ட் என்று உச்சவரம்பு வைத்தது. அதற்கு முந்தைய பயாஸ் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) இன்னும் உங்கள் மதர்போர்டில் இருந்தால், வேறு எதற்கும் முன் அதைப் புதுப்பியுங்கள்.

நீங்கள் ஒரே நேரத்தில் இரண்டு மாற்றங்கள் செய்திருக்கிறீர்கள். இரண்டுமே நீலத்திரை வரவழைக்கக்கூடியவை என்பதால் அவற்றைப் பிரித்தே பார்க்க வேண்டும். முக்கியக் கோப்புகளை வேறு டிரைவில் நகலெடுத்துவிட்டு, சிமாஸை (பயாஸ் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) அழித்து எல்லாவற்றையும் தொடக்க நிலைக்குக் கொண்டுவாருங்கள். அந்த நிலையிலும் கணினி விழுந்தால் ஓவர்கிளாக் (அதிகாரபூர்வ வேகத்தைத் தாண்டி இயக்குவது) மீது பழி போட முடியாது. பழுதான ராம், பவர் சப்ளை, டிரைவர் ஆகியவற்றைத்தான் பார்க்க வேண்டும். விழவில்லை என்றால், ராமை அப்படியே விட்டுவிட்டு மைனஸ் 30ஐ மட்டும் திரும்பக் கொடுங்கள்.

எல்லா கோர்களும் மைனஸ் 30ஐத் தாங்கும் என்று எதிர்பார்ப்பது பேராசை. ஒரே சிப்பில் இருந்தாலும் கோருக்குக் கோர் தரம் வேறுபடும். இந்த வகைப் பிழைக்கு ஒரு குணம் உண்டு: எல்லா கோர்களும் முழு வேகத்தில் உழைக்கும்போது தப்பித்துவிடும், கணினி சும்மா இருக்கும்போதோ, ஒரு கோர் மட்டும் உச்ச வேகத்துக்குத் தாவும்போதோ விழும். கோர்சைக்கிளர் என்ற இலவசக் கருவி கோர்களை ஒவ்வொன்றாகச் சோதிக்கும். விண்டோஸ் ஈவன்ட் வியூவரில் வன்பொருள் பிழையைக் குறிக்கும் டபிள்யூஹெச்இஏ-லாகர் பதிவு 18 இருந்தால், பிழை எந்த கோரில் என்று காட்டும் ஏபிக் ஐடி எண்ணை அதில் கவனியுங்கள். அதே எண் திரும்பத் திரும்ப வந்தால் குறிப்பிட்ட ஒரு கோர் தடுமாறுகிறது என்று பொருள். அந்த கோருக்கு மட்டும் மைனஸ் 15 போதும்.

இனி ராம். என் சந்தேகம் பெரும்பாலும் இங்கேதான். ராமை இயக்கும் மெமரி கன்ட்ரோலர் பிராசசருக்குள் இருக்கிறது. இரண்டு ராம்களுக்கு 5200, நான்குக்கு வெறும் 3600: இதுதான் ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாகச் சொல்லும் வேகம். எக்ஸ்போவை இயக்குவதே ஓவர்கிளாக்தான். ராம் பெட்டியில் அச்சிட்ட 6000, அந்தப் பெட்டிக்குள் இருந்த ஜோடியைச் சோதித்துச் சொன்ன எண். இன்னொரு ஜோடி சேர்ந்தால் அந்த உறுதி அங்கேயே முடிந்துவிடுகிறது. மாடல் பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கும் சிப் வேறாக இருக்கலாம்.

புதிய ஜோடியைக் கழற்றி, பழையதை மட்டும் பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளில் வைத்து எக்ஸ்போவை இயக்குங்கள். பிறகு புதிய ஜோடியைத் தனியாக அப்படியே சோதியுங்கள். இரண்டும் தனித்தனியே தேறினால் ராமில் பழுது இல்லை, நான்கையும் அந்த வேகத்தில் சுமக்கக் கன்ட்ரோலருக்குத்தான் வலு இல்லை.

உங்களை ஏமாற்றிய மெம்டெஸ்ட்86 பற்றி ஒரு வார்த்தை. பழுதான ராமைப் பிடிக்க அது நல்ல கருவி. ஆனால் அது ஓடும்போது கிராபிக்ஸ் கார்டு சும்மா இருக்கிறது, பெட்டிக்குள் சூடு இல்லை. விளையாடும்போது அந்த கார்டின் வெப்பம் ராம் மீதும் வீசுகிறது. ஆகவே விண்டோஸுக்குள் டெஸ்ட்மெம்5 அல்லது கார்ஹு சோதனையைச் சில மணி நேரம் ஓட்டுங்கள்; வெப்பநிலையையும் பார்த்துக்கொண்டே இருங்கள். குளிர்ந்திருக்கும்போது தேறி, 55 டிகிரியைத் தாண்டியதும் பிழை காட்டினால் காற்றோட்டத்தைச் சரிசெய்வதுதான் மருந்து. ஒரே ஒரு பிழை வந்தாலும் தோல்விதான்.

64 ஜிபி கட்டாயம் வேண்டுமென்றால், நான்கையும் கொடுத்துவிட்டு 32 ஜிபி ராம் இரண்டு கொண்ட ஒரே ஜோடியை வாங்குங்கள். மனமில்லை என்றால் நான்கையும் 3600இல் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுங்கள். ஒவ்வொரு படியிலும் சோதனை. வேகத்தை மாற்றியதும், புதிய வேகத்துக்கு ராமைக் கணினி பொருத்திப் பார்க்கும் ‘ராம் பயிற்சி’க்காகத் திரை பல நிமிடங்கள் கறுப்பாகவே இருக்கலாம். பதறிப்போய் பவர் பட்டனை அழுத்தாதீர்கள்.

எல்லாம் நிலைத்த பிறகு, நிர்வாகி அனுமதியுடன் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, விண்டோஸ் கோப்புகளைச் சரிபார்க்கும் எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் (sfc /scannow) கட்டளையை ஓட்டுங்கள். விளையாட்டுக் கோப்புகளையும் சரிபார்த்துவிடுங்கள். பிழையான ராம் வழியாக டிரைவில் தவறாக எழுதப்பட்ட கோப்பு, ராம் சரியான பின்பும் அதே இடத்தில் விளையாட்டை மூடவைக்கும்.