வீட்டில் பீர் காய்ச்சும்போது ஹாப்ஸை (கசப்புக்கும் மணத்துக்கும் சேர்க்கும் ஒரு கொடியின் கூம்புப் பூ) எந்த நேரத்தில் போட்டால் வாசனையும் சுவையும் நன்றாக வரும்?

கேள்வி கேட்டவர் தன் செய்முறையையும் கொடுத்திருக்கிறார். 5 காலன், அதாவது 19 லிட்டர் பேல் ஏல் என்ற வெளிர்நிற பீர். மொத்தம் 4 அவுன்ஸ் காஸ்கேட் ரக ஹாப்ஸ். ஒரு மணி நேரக் கொதியின் தொடக்கத்தில் 2 அவுன்ஸ், முடிய 20 நிமிடம் இருக்கும்போது 1, 5 நிமிடம் இருக்கும்போது 1. இப்படிச் செய்தால் கசப்பு தூக்கலாக இருக்கிறது, வாசனையைத் தேட வேண்டியிருக்கிறது என்கிறார்.

என் பதில் இதுதான்: கசப்புக்கு வேண்டிய கொஞ்சத்தை ஆரம்பத்தில் போடுங்கள். மீதி முழுவதையும் அடுப்பை அணைத்த பிறகு போடுங்கள். நடுவில் எதுவும் வேண்டாம். "60-க்குக் கசப்பு, 20-க்குச் சுவை, 5-க்கு வாசனை" என்று ஒரு வாய்ப்பாடு ரொம்ப காலமாகப் புழக்கத்தில் இருக்கிறது. பேல் ஏல், ஐபிஏ (ஹாப்ஸ் தூக்கலான இன்னொரு வகை பீர்) காய்ச்சுகிறவர்களுக்கு அதில் அந்த நடு வரி வீண் செலவு.

ஏன் என்று சொல்கிறேன். நான் இருப்பது வாஷிங்டன் மாநிலத்தில். மலையைத் தாண்டினால் யாக்கிமா பள்ளத்தாக்கு. அமெரிக்க ஹாப்ஸில் பெரும்பகுதி அங்கேதான் விளைகிறது. ஆகஸ்ட் கடைசி, செப்டம்பரில் போனால் உயரமான கம்பிகளில் கொடி கொடியாகத் தொங்கும். ஒரு கூம்பை நகத்தால் பிளந்து பாருங்கள். இதழ்களின் அடியில் மஞ்சளாக ஒரு பொடி இருக்கும், அதற்கு லுப்புலின் என்று பெயர். தேய்த்தால் விரல் பிசுபிசுவென்று ஒட்டும், காஸ்கேடாக இருந்தால் பம்ளிமாஸ் தோலை உரித்த மாதிரி மணக்கும். நமக்கு வேண்டிய சரக்கு எல்லாம் அந்தப் பொடியில்தான் இருக்கிறது.

அதற்குள் இருப்பது இரண்டு விதமான பொருள்கள். ஒன்று ஆல்ஃபா அமிலம். இது சரியாகக் கரையாது, அப்படியே இருந்தால் பெரிதாகக் கசக்கவும் கசக்காது. கொதிக்கிற மால்ட் (முளைகட்டிய பார்லி) சாற்றில் நேரம் போகப் போக ஐசோ ஆல்ஃபா அமிலமாக மாறும்போதுதான் பீருக்கு உரிய கசப்பு வருகிறது. இன்னொன்று வாசனை எண்ணெய். மிர்சீன், லினலூல், ஜெரானியால் என்று அதில் நிறைய உண்டு. இவை ஆவியோடு கிளம்பிவிடும் சாதி. கொதிக்கிற பாத்திரத்தில் மிர்சீன் சில நிமிடம் தாக்குப் பிடித்தாலே அதிகம். காய்ச்சுகிற அன்று வீடே கமகமவென்று இருக்கிறதே என்று சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. அந்த மணம் இனி கிளாஸுக்கு வராது. கொத்தமல்லித் தழையை ரசம் இறக்கும்போது போடுகிறோமே, அதே கதைதான்.

இப்போது கணக்குக்கு வருவோம். டின்செத் சூத்திரம் என்று ஒன்றை வீட்டில் காய்ச்சுகிறவர்கள் பலரும் பயன்படுத்துகிறார்கள். சாற்றின் அடர்த்தி 1.050 என்றால், 60 நிமிடம் கொதித்த ஹாப்ஸிலிருந்து அதன் ஆல்ஃபா அமிலத்தில் சுமார் 23 சதவீதம் கசப்பாக மாறிச் சேரும். 20 நிமிடத்தில் 14 சதவீதம். 5 நிமிடத்தில் 5 சதவீதத்துக்கும் கொஞ்சம் குறைவு. உங்கள் காஸ்கேடில் ஆல்ஃபா 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் முதல் 2 அவுன்ஸ் 41 ஐபியு (கசப்பை அளக்கும் அலகு), நடுவில் போட்டது 12 அல்லது 13, கடைசியில் போட்டது 4. கூட்டினால் 58 வருகிறது. அமெரிக்க பேல் ஏலுக்கு 30 முதல் 50 வரைதான் வழக்கம். கசப்பு முன்னால் நிற்காமல் என்ன செய்யும்?

அந்த 20 நிமிட ஹாப்ஸைக் கவனியுங்கள். ஒரு மணி நேரம் கொதித்தால் தரும் கசப்பில் ஐந்தில் மூன்று பங்கை அது தந்துவிடுகிறது. எண்ணெயில் பெரும்பகுதி அதற்குள் ஆவியாகிவிடுகிறது. கசப்பு வேண்டும் என்றால் இதைவிடக் குறைந்த ஹாப்ஸை 60 நிமிடத்துக்குப் போட்டுச் சம்பாதிக்கலாம். வாசனை வேண்டும் என்றால் 20 நிமிடம் கொதிக்க வைக்கவே கூடாது. ரெண்டும் கெட்டான் நேரம் அது.

ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். செக் நாட்டு பில்ஸ்னர் வேறு மரபு. 1842-ல் பில்சன் நகரத்தில் யோசெஃப் குரோல் காய்ச்சியதிலிருந்து தொடரும் பாணியில் சாட்ஸ் ஹாப்ஸைக் கொதியிலேயே பல தடவையாகப் பிரித்துப் போடுவார்கள். அந்த பீரின் மென்மையான மூலிகைச் சுவை அப்படி வருவதுதான். அதை காய்ச்சுகிறவர்கள் நான் சொல்வதை விட்டுவிடலாம்.

சரி, அடுப்பை அணைத்த பிறகு என்றால் எப்போது? அணைத்த மறு நொடியே போடுகிறவர்கள் அதிகம். அப்போது சாறு இன்னும் 100 டிகிரி பக்கம்தான் இருக்கும். 19 லிட்டர் சட்டென்று ஆறாது. மூடி வைத்துவிட்டு அரை மணி நேரம் கழித்து வந்தால், கணக்கில் பூஜ்யம் என்று எழுதிய ஹாப்ஸ் பத்து நிமிடம் கொதித்த அளவுக்குக் கசப்பைக் கொடுத்திருக்கும். அதனால் முதலில் செம்புச் சுருள் குளிர்விப்பானை இறக்கி, தண்ணீரைத் திறந்து 80 டிகிரிக்குக் கொண்டு வாருங்கள். தண்ணீரை நிறுத்துங்கள். அப்புறம் ஹாப்ஸைக் கொட்டி, மூடி, 20 நிமிடம் விடுங்கள். இடையிடையே மெதுவாகச் சுழற்றிக் கலக்கிவிடுங்கள். 80 டிகிரியில் ஆல்ஃபா அமிலம் மாறும் வேகம், கொதிநிலையில் இருப்பதில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான். எண்ணெய் கரைந்து இறங்குவதற்கு அந்தச் சூடு தாராளம். பீரைக் குடிக்கும்போது நாக்கில் தங்கும் அந்தப் பழச் சுவை எனக்கு இந்த 20 நிமிடத்தில்தான் கிடைக்கிறது.

மூக்குக்கு வேண்டியது ட்ரை ஹாப்பிங்கில் கிடைக்கும். அதாவது நொதிக்கிற பீரிலேயே ஹாப்ஸைப் போட்டு ஊறவைப்பது. இங்கே சூடே கிடையாது, அதனால் எண்ணெய் வீணாகாது. எப்போது போடுவது என்பதில் இரண்டு கட்சி. ஈஸ்ட் மும்முரமாக இருக்கும்போதே போட்டால் அது ஜெரானியாலைச் சிட்ரோனெல்லாலாக மாற்றி வேறு ஒரு பழ மணத்தைத் தரும் என்பது ஒரு கட்சி. அது உண்மைதான். ஆனால் பொங்கி வெளியேறும் கரியமில வாயு வாசனையையும் கூடவே அள்ளிக்கொண்டு போகும். முழுக்க நொதித்து அடங்கிய பிறகு போட்டால் மூடியைத் திறக்கும்போது உள்ளே போன ஆக்ஸிஜன் அப்படியே தங்கிவிடும். ஹாப்ஸ் நிறைந்த பீருக்கு ஆக்ஸிஜன் பரம விரோதி. பொன்னிறம் மங்கிப் பழுப்படித்து, மணம் போய், ஈர அட்டைப் பெட்டி வாடை வந்துவிடும். நான் நடுவழிக்காரன். நொதித்தல் முடியும் தறுவாயில், குமிழி இன்னும் எப்போதாவது ஒன்று வரும்போது போடுவேன். மிச்சம் இருக்கிற ஈஸ்ட் அந்த ஆக்ஸிஜனைத் தின்றுவிடும்.

போடும்போது கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். பீரில் கரைந்திருக்கும் வாயு, பெல்லட் (பொடித்து அழுத்திய ஹாப்ஸ் உருண்டை) விழுந்ததும் ஒரே நேரத்தில் வெளியே வரப் பார்க்கும். பச்சைப் பெல்லட்டுகள் ஊதிக் குழைந்து மேலே ஒரு தடித்த ஏடு மாதிரி எழும்பும், அடுத்த நொடி வாயைத் தாண்டித் தரையில் இருக்கும். கால்வாசி போட்டு, அடங்கவிட்டு, அடுத்த கால்வாசி போட்டால் இந்த வம்பு இல்லை.

மூன்று நாள் போதும். எண்ணெயில் பெரும்பகுதி முதல் ஓரிரு நாளிலேயே இறங்கிவிடும். பத்து நாள், இரண்டு வாரம் என்று ஊறவைத்தால் புல் வாடைதான் கூடும். அளவும் அப்படித்தான். ஒரேகான் மாநிலப் பல்கலைக்கழகத்தில் டாம் ஷெல்ஹாமர் குழுவினர் ஆராய்ந்ததில், லிட்டருக்கு 8 கிராமைத் தாண்டினால் போட்ட அளவுக்கு வாசனை கூடுவதில்லை என்று தெரிந்தது. சிட்ரஸ் மணம் குறைந்து தேயிலை, மூலிகை பக்கம் சாய ஆரம்பிக்கிறதாம்.

இனி உங்கள் செய்முறை. முதலில் கசப்புக்கு மலிவாக, ஆல்ஃபா அதிகம் உள்ள மேக்னம் கொஞ்சம் வாங்குங்கள். 12 சதவீத மேக்னம் 20 கிராமை 60 நிமிடத்துக்குப் போட்டால் 29 ஐபியு வரும். அதே கசப்புக்குக் காஸ்கேட் 40 கிராம் வேண்டும், ஒரு மணி நேரம் கொதித்த பிறகு எது காஸ்கேட், எது மேக்னம் என்று கண்டுபிடிப்பவர் ரொம்பக் கம்மி. உங்கள் 4 அவுன்ஸ், அதாவது 113 கிராம் காஸ்கேட் முழுசாக மிச்சம். 50 கிராமை 80 டிகிரியில் போடுங்கள், 63 கிராமை ட்ரை ஹாப்பிங்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். 80 டிகிரியில் போட்டதும் கொஞ்சம் கசப்பைச் சேர்க்கும், அதனால் முப்பதுகளில் வந்து நிற்கும். பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் ஆல்ஃபா சதவீதத்தைப் பார்த்து கணக்கைத் திருத்திக்கொள்ளுங்கள், அது வருஷத்துக்கு வருஷம் மாறும்.

பாட்டிலில் அடைக்க அவசரப்படாதீர்கள். ஹாப்ஸில் உள்ள நொதிகள், ஈஸ்ட் தின்ன முடியாமல் விட்டுவைத்த டெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துத் துண்டுகளை உடைத்துச் சர்க்கரையாக்கும். அடங்கியதாக நினைத்த பீர் மறுபடி நொதிக்கும். இதைக் கவனிக்காமல் அடைத்தால் பாட்டில் வெடிக்கலாம். அடர்த்தி அளக்கும் ஹைட்ரோமீட்டர் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து ஒரே எண்ணைக் காட்டிய பிறகு அடையுங்கள். பழுப்பு நிற பாட்டில் நல்லது. வெளிச்சம் பட்டால் அந்த ஐசோ ஆல்ஃபாவே நாற்றமடிக்கும்.

ஹாப்ஸ் புதுசாக இருக்க வேண்டும், மீந்ததைக் காற்று புகாமல் கட்டி ஃப்ரீசரில் வையுங்கள். பழசானால் பாலாடைக்கட்டி வாடை வரும், எந்த நேரத்தில் போட்டாலும் அது தேறாது.

தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு: அங்கே மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் வீட்டில் காய்ச்சுவது குற்றம். அமெரிக்காவில் 1978-ல் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்துக்குப் பிறகுதான் சொந்த உபயோகத்துக்கு பீர் காய்ச்ச மத்திய அரசின் அனுமதி வந்தது. நீங்கள் இருக்கும் நாட்டுச் சட்டத்தைப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

வீட்டில் நாய் இருந்தால் வடிகட்டிய ஹாப்ஸ் சக்கையைத் தோட்டத்தில் கொட்டாதீர்கள். நாய்க்கு ஹாப்ஸ் விஷம், தின்றால் உடல் சூடு தாறுமாறாக ஏறி உயிருக்கே ஆபத்தாகும். பையில் கட்டி, மூடியுள்ள குப்பைத் தொட்டியில் போடுங்கள்.