ஆங்கிலச் சொல்வளம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வெளிநாட்டு மேற்படிப்புக்காகச் சொற்பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு நாள்தோறும் 30 ஆங்கிலச் சொற்களை மனப்பாடம் செய்கிறேன். மாதக் கடைசியில் பெரும்பாலானவை மறந்துபோகின்றன. நினைவில் நிற்பவையும் எழுதும்போது கைகொடுப்பதில்லை. என் முறையில் என்ன குறை?
(பட்டதாரி மாணவி, கரூர்)

பதில்: உங்கள் உழைப்பில் குறையில்லை. அதை ஒரே நாளில் கொட்டிவிட்டு மறுநாள் புதிய சொற்களுக்குத் தாவுவதுதான் குறை. ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885இல் நூலாக வெளியிட்டார். கற்றதில் பெரும்பகுதி முதல் நாளிலேயே நழுவிவிடுகிறது என்பதையும், ஒரே மூச்சில் பலமுறை படிப்பதைவிட நாட்கணக்கில் இடைவெளி விட்டுப் படித்தால் குறைந்த முயற்சியிலேயே மனத்தில் பதிகிறது என்பதையும் அவர் கண்டார். 1970களில் செபாஸ்டியன் லைட்னர் பரப்பிய முறை, சொல் எழுதிய அட்டைகளைப் பல அறைகள் கொண்ட பெட்டியில் வைத்துப் படிப்பது; அது இந்த உண்மையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போய் நீண்ட இடைவெளிக்குப் பிறகு திரும்பும். தவறிய அட்டை முதல் அறைக்கே வந்து மறுநாள் உங்களைக் கேட்கும். ஆன்கி என்னும் கைபேசிச் செயலியும் இவ்வாறே இடைவெளிகளைக் கூட்டிக்கொண்டு போகிறது. அட்டையில் சொல்லையும் பொருளையும் மட்டும் எழுதாமல், அச்சொல் வரவேண்டிய இடத்தைக் காலியாக விட்ட ஒரு முழு வாக்கியத்தை எழுதுங்கள். விடையைப் பார்க்கும் முன் நினைவிலிருந்து எடுக்கும் அந்தச் சில நொடி முயற்சிதான், எழுதும்போதும் சொல்லை உங்கள் கைக்குக் கொண்டுவரும்.

பட்டியலையும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். வெளிநாட்டு மேற்படிப்புக்குப் பலர் எழுதும் ஜி.ஆர்.இ. தேர்வில் முன்பு எதிர்ச்சொல் வினாக்களும் ஒப்புமை வினாக்களும் இருந்தன; 2011 ஆகஸ்டில் அவை நீக்கப்பட்டு, வாக்கியத்தின் போக்கை உணர்ந்து சொல்லைத் தேரும் வினாக்களுக்கு முதன்மை தரப்பட்டது. பழைய தேர்வை ஒட்டித் தொகுத்த பட்டியல்கள் இன்னும் மாணவர்களிடையே கைமாறிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் உள்ள அரிய சொற்களை நம்பி, அன்றாடக் கல்வி எழுத்தில் புழங்கும் நடுத்தரச் சொற்களைக் கைவிடுவது பெரும் இழப்பு என்பது என் உறுதியான கருத்து. நியூசிலாந்தைச் சேர்ந்த ஏவரில் காக்ஸ்ஹெட் 2000இல் வெளியிட்ட கல்விச் சொற்பட்டியலில் 570 சொற்குடும்பங்களே (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) உள்ளன; ஆயினும் பல துறைகளின் கல்வி நூல்களில் ஏறத்தாழ பத்தில் ஒரு சொல் அவற்றைச் சேர்ந்தது. ஹைபாத்திசிஸ், கன்சிஸ்டன்ட், இன்டர்ப்ரெட் போன்ற இச்சொற்களை எல்லா வடிவங்களோடும் பிழையின்றி எழுதப் பழகிய பிறகு, அரிய சொற்களுக்குப் போகலாம்.

கேள்வி: ஆங்கிலம்–தமிழ் அகராதியைப் பயன்படுத்தவே கூடாது என்கிறார் எங்கள் ஆசிரியர். சரிதானா?
(கல்லூரி மாணவர், விருதுநகர்)

பதில்: அவ்வளவு கடுமை தேவையில்லை. மரம், பறவை, நோய், கருவி ஆகியவற்றின் பெயர்களுக்குத் தமிழ்ச் சொல்லே ஒரு நொடியில் விளக்கம் தந்துவிடும். கருத்துப் பெயர்களுக்கும் வினைகளுக்கும் கற்போருக்கென்றே எழுதப்பட்ட ஆங்கில அகராதி வேண்டும். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ.எஸ். ஹார்ன்பி, தம் துணையாசிரியர்களோடு தொகுத்த அகராதி 1942இல் அங்கேயே அச்சாகி, 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக வந்தது. எந்த வினைக்குப் பின் எந்த அமைப்பு வரும் என்று காட்டியதே அதன் தனிச்சிறப்பு. அயல்மொழியாக ஆங்கிலம் கற்பவர் தடுமாறும் இடமும் அதுதான்.

கேள்வி: என் மகள் கட்டுரைகளில் கடினமான சொற்களை ஏராளமாகப் பயன்படுத்துகிறாள். ஆனாலும் மதிப்பெண் குறைகிறது. நடை இயல்பாக இல்லை என்கிறார்கள். ஏன்?
(குடும்பத் தலைவி, திருச்சி)

பதில்: தமிழில் மழை பெய்கிறது, காற்று வீசுகிறது, மின்னல் வெட்டுகிறது. மின்னல் வீசுகிறது என்று எழுதினால் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் தமிழர் காதுக்கு அது ஒட்டாது. ஆங்கிலத்திலும் கனமழை ஹெவி ரெயின்தான், ஸ்ட்ராங் ரெயின் ஆகாது. தேநீரோ ஸ்ட்ராங் டீதான், ஹெவி டீ ஆகாது. எந்தச் சொல் எதனோடு சேரும் என்பது சொல்லறிவின் பாதி. ஆங்கிலத் திறனை அளக்கும் ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வின் எழுத்துப் பகுதியில் நான்கில் ஒரு பங்கு மதிப்பெண் சொல்வளத்துக்கு உரியது. அதை அளக்கும்போது இந்தச் சேர்க்கையையும் பார்க்கிறார்கள்.

இன்னொரு காரணம் ஆங்கிலத்தின் வரலாற்றில் இருக்கிறது. 1066இல் பிரெஞ்சு பேசிய நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின் பிரெஞ்சுச் சொற்கள் பெருமளவில் புகுந்தன. பின்னர் அறிஞர்கள் லத்தீனிலிருந்து நேரடியாகவும் எடுத்துக்கொண்டார்கள். அதனால் ஒரே செயலுக்கு ஆஸ்க், கொஸ்டின், இன்டராகேட் என மூன்று படிகள் அமைந்துவிட்டன. முதலாவது வீட்டுப் பேச்சு, இரண்டாவது சற்று முறையானது, மூன்றாவது காவல்துறை விசாரணையை நினைவூட்டுவது. அகராதி மூன்றையும் ஒத்த சொற்களாகக் காட்டினாலும், ஆசிரியர் மாணவனிடம் பெயர் கேட்டதை இன்டராகேட் என்று எழுதினால் படிப்பவர் திடுக்கிடுவார். மகள் ஒரு புதிய சொல்லைக் கட்டுரையில் சேர்க்கும் முன், நல்ல ஆங்கில எழுத்தில் அதை மூன்று நான்கு இடங்களிலாவது பார்த்திருக்கட்டும்.

கேள்வி: லத்தீன் வேர்ச்சொற்களைப் படித்தால் பயன் உண்டா?
(தேர்வர், மதுரை)

பதில்: உண்டு. பார்த்தல் என்னும் பொருளுள்ள ஸ்பெக்ட் என்ற வேரை அறிந்தவருக்கு இன்ஸ்பெக்ட், ஸ்பெக்டேட்டர், ரெட்ரோஸ்பெக்ட் மூன்றும் எளிதில் பிடிபடும். ஆனால் ஊகத்தை அகராதியில் சரிபார்க்காமல் விடாதீர்கள். இன்ஃப்ளேமபிள் என்பதில் உள்ள இன் எதிர்மறை என்று எண்ணினால், தீப்பிடிக்கும் பொருளைத் தீப்பிடிக்காதது என்று கொண்டுவிடுவீர்கள்.

கேள்வி: எதைப் படிக்கத் தொடங்குவது? ஆங்கில நாவல் எடுத்தால் பத்துப் பக்கத்தில் சோர்ந்துவிடுகிறேன்.
(வங்கி ஊழியர், சேலம்)

பதில்: நூறு சொற்களில் 98 தெரிந்திருந்தால்தான் பிறர் உதவியின்றித் தடையில்லாமல் படிக்க முடியும் என்பது மொழி கற்பித்தல் ஆய்வாளர்கள் பலர் ஏற்கும் அளவு. நாவலிலும் நாளிதழிலும் அந்த அளவை எட்ட 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் வேண்டும் என்று அந்த ஆய்வாளர்களுள் ஒருவரான பால் நேஷன் 2006இல் கணக்கிட்டார். டிசைட், டிசிஷன், டிசைசிவ் போன்றவை சேர்ந்தது ஒரு குடும்பம். எனவே 300 சொற்கள் உள்ள ஒரு பக்கத்தைப் படித்துப் பாருங்கள். தெரியாதவை ஆறுக்கு மேல் இருந்தால் அந்த நூலை இப்போதைக்கு ஒதுக்கிவையுங்கள். வங்கியும் நிதியும் உங்களுக்குப் பழகிய உலகம் என்பதால், ஆங்கில நாளிதழின் வணிகப் பக்கத்தில் தொடங்குங்கள். செய்தி முன்பே தெரிந்திருப்பதால் புதிய சொல்லின் பொருள் பெரும்பாலும் அந்த வாக்கியத்திலேயே புலப்படும். ஒரே துறையைச் சில மாதங்கள் விடாமல் படிக்கும்போது அதே சொற்கள் திரும்பத் திரும்ப வரும். அங்கே கை பழகியதும் தலையங்கப் பக்கத்துக்கு வாருங்கள். நாவல் அதன் பிறகு.